ஹப்பர்டுக்குப் பிறகு வந்தவர்கள்

அமெரிக்காவில் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டால் பொதுவாக மூன்று விஷயங்களை நிறுவ வேண்டும். இப்போது உடலில் ஒரு பாதிப்பு இருக்கிறது. பணிக்காலத்தில் ஏதோ ஒன்று நடந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. முதலாவதை இன்றைய மருத்துவர் சொல்லிவிடுவார். இரண்டாவதுக்குக் காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதம்தான் எரிந்துபோனது. 1973 ஜூலை 12, நள்ளிரவு தாண்டிய நேரம். செயின்ட் லூயிஸ் அருகே தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீ. தானாக நீர் தெளிக்கும் குழாய்கூட ஆவணத் தளங்களில் கிடையாது. சுமார் 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி கோப்புகள் போயின. நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து விடைபெற்றவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் சாம்பல். அதாவது இரண்டு உலகப் போர்களும் கொரியாவும்.

விமானப்படைக் கணக்கு இன்னும் விசித்திரம். அகர வரிசையில் ஹப்பர்டு என்ற பெயருக்குப் பிறகு வந்தவர்களுக்குத்தான் அடி. 1947 முதல் 1963 வரை விடைபெற்ற அவர்களில் முக்கால்வாசிப் பேரின் கோப்பு காலி. யோசிச்சுப் பாருங்க, ஆடம்ஸுக்குக் கோப்பு இருக்கு, வில்சனுக்கு இல்லை. அப்பன் வைத்த குடும்பப் பெயர்தான் வித்தியாசம்!

கோப்பைத் தொலைத்தது அரசு. நிரூபிக்க வேண்டியதோ கிழவர். எனக்கு இது ஜீரணமாகவில்லை. 1988 வரை மறுப்பை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போகவும் வழியில்லை. வக்கீலுக்கு 10 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றது உள்நாட்டுப் போர் காலத்துச் சட்டம். 1985இல் உச்ச நீதிமன்றம் அதையும் செல்லும் என்றது. 1988இல்தான் இதற்கென்று தனி நீதிமன்றம் வந்தது. ஆவணம் அரசின் கையில் தொலைந்திருந்தால் தேடித்தரும் கடமையும், முடிவுக்குக் காரணம் சொல்லும் கடமையும் கூடுதல் என்று அது 1991இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததால் கோப்பு வந்துவிடுமா என்ன?

ஆகவே சுற்றுவழி. சம்பளச் சீட்டு, கூடவே பணிபுரிந்த நண்பரின் வாக்குமூலம், படைப்பிரிவின் அன்றாடக் காலை அறிக்கை. யார் சீக்கு, யார் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று ஒரே வரியில் இருக்கும். எந்த மாதம், எந்தப் பிரிவு என்று வீரர் சொன்னால்தான் தேட முடியும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய மாதம். 1988இல் பழைய ராணுவ மருத்துவமனைச் சேர்க்கைத் தரவு காந்த நாடாக்களில் கிடைத்தது. அதிலும் பெயர் இல்லை, பணி எண் மட்டும்.

எரியாமல் மிஞ்சியவை சுமார் 65 லட்சம் கோப்புகள். ஓரம் கருகியவை, பூஞ்சை பிடித்தவை. யாராவது கேட்டு விண்ணப்பித்தால், கையுறை போட்ட ஊழியர் ஒவ்வொரு தாளாகப் பிரிக்கிறார்.