இரண்டு கன்னிவாடிகளும் ஒரு ஜி.பி.எஸ். கருவியும்

காரின் முன்கண்ணாடியில் ரப்பர் குமிழால் ஒட்டிவைக்கும் கையடக்க ஜி.பி.எஸ். வழிகாட்டிக்கு இந்தியச் சாலைகளில் வாய்த்த ஆயுள் குறைவு. 2000-களின் பிற்பாதியில் கடைகளுக்கு வந்தது. அடுத்த பத்தாண்டின் நடுவிலேயே செல்பேசி அதை ஓரங்கட்டிவிட்டது. ஆனால் ஊர்ப்பெயரைத் தேடுவது, தொலைவையும் சென்றுசேரும் நேரத்தையும் சொல்வது, எந்தப் பிரிவில் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே எச்சரிப்பது என்று அந்தக் கருவி செய்த வேலைகள் பழையவை. அவற்றை அதற்கு முன்பு சத்திரங்களும் காதக்கற்களும் சர்வே தாள்களும் தேநீர்க்கடைக்காரர்களும் செய்துவந்தார்கள். அவர்களில் யாரிடமிருந்து எதை அந்தக் கருவி வாங்கிக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்துக் கன்னிவாடியை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும்.

கன்னிவாடி திண்டுக்கல்லுக்கு மேற்கே, பழனிமலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. நாயக்கர் காலத்தில் பாளையமாக இருந்து, பிறகு ஜமீனாகி, இன்று பேரூராட்சியாக இருக்கும் ஊர். திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் பெருஞ்சாலை ஊருக்குள் வராமல் வடக்கே ஒதுங்கிப் போகிறது. ஆகவே கன்னிவாடிக்குப் போகிறவர் எவரும் ஏதாவது ஒரு பிரிவில் திரும்பியே ஆக வேண்டும். ‘பிரிவு’ என்றால் இந்த வட்டாரத்தில் கிளைச்சாலை பிரியும் இடம். பேருந்து நடத்துநரும் லாரி ஓட்டுநரும் வழியை எண்ணுவது பிரிவுகளைக் கொண்டுதான்.

பழனிச் சாலையின் பழைய வரைபடம் அதன் ஊர்ப்பெயர்களிலேயே இருக்கிறது: மூலச்சத்திரம், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம். குன்றக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகத் தைப்பூசத்துக்கு நடந்துபோகும் நகரத்தார் காவடிக் கூட்டம் உட்பட, பழனிக்கு நடந்தவர்கள் தங்கவும் உண்ணவும் சத்திரங்கள் எழுந்தன. அவற்றைச் சுற்றி ஊர்கள் வளர்ந்தன. ஒரு சத்திரத்தை விட்டால் அடுத்தது எது என்று தெரிந்திருந்தால் வழி தெரிந்த மாதிரிதான்.

தொலைவைக் கல்லில் பொறிக்கும் வழக்கமும் தமிழகத்தில் பழையது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் நாவல்தாவளம் என்ற ஊருக்கு எத்தனை காதம் என்று சொல்கின்றன. அவற்றில் எழுத்தோடு குழிகளும் இருக்கின்றன. பெரிய குழி பத்தைக் குறிக்கும், சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாதவர் விரலால் தடவியே தொலைவை அறியலாம். படிக்கத் தெரியாதவரையும் மனத்தில் வைத்துச் செய்த இந்த ஏற்பாடு, ஆங்கில எழுத்துப் பலகையோடு மட்டும் விற்பனைக்கு வந்த பல ஜி.பி.எஸ். கருவிகளில் இல்லை.

காதத்தைவிடச் சாதாரண மக்கள் அதிகம் பயன்படுத்தியது நேரத்தால் அளக்கும் தொலைவு. ‘ஒரு நாழிகை வழி’ என்றால் 24 நிமிட நடை. மலையேற்றத்தில் நாழிகை வழி சுருங்கும், சமவெளியில் நீளும். காலனி அரசு நட்ட மைல்கற்களும் அவற்றின் இடையே இருந்த பர்லாங்குக் கற்களும் இந்த அளவை ஒதுக்கித் தரையின் நீளத்தை மட்டும் சொன்னன. 1956-இல் மெட்ரிக் அளவை முறைக்கான சட்டம் வந்தபின் மைல்கல் கிலோமீட்டர் கல்லாக மாறியது. பெயர் மட்டும் மக்கள் வாயில் மைல்கல்லாகவே நின்றுவிட்டது. பிற்காலத்து ஜி.பி.எஸ். கருவி திரையின் மூலையில் ‘சேரும் நேரம்’ என்று காட்டியபோது உண்மையில் நாழிகை வழிக்கே திரும்பிப் போனது. ஓட்டுநருக்கு எப்போதும் வேண்டியிருந்தது அதுதான்.

வரைபடம் வேறு வழியாக வந்தது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. பத்தாண்டு கழித்து, 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, முக்கோணங்களால் நாட்டை அளக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கினார். கோணங்களை அளக்க அவர் பயன்படுத்திய தியோடலைட் ஏறக்குறைய அரை டன் எடை கொண்டது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். 1821-இல் பி.எஸ். வார்டு என்ற அளவையாளர் பழனிமலையில் ஏறி அளந்தார். இப்படிச் சேர்ந்த அளவுகளிலிருந்து இந்திய நில அளவைத் துறையின் தாள்கள் பிறந்தன. கன்னிவாடியும் திண்டுக்கல் மலைக்கோட்டையும் 58எஃப்/15 என்ற ஒரே தாளில் அடங்கும். 1:50,000 அளவில் வந்த இந்தத் தாளில் குளம், ஓடை, வண்டிப்பாதை, கோயில் எல்லாம் உண்டு. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கார் ஓட்டியவர்கள் அரிது.

அந்தத் தாளில் ஒரு சிக்கல் பொதிந்திருந்தது. பூமியின் உருவத்தை ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் கணித்த நீள்கோளத்தின்படி இந்திய வரைபடங்கள் வரையப்பட்டன. அதில் நிலநடுக்கோட்டு ஆரம் 6,377,276 மீட்டர். ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 கணக்கில் அது 6,378,137 மீட்டர். கோளத்தின் மையமும் இரண்டிலும் வேறு. இதனால் பழைய தாளிலிருந்து எடுத்த அட்சரேகை தீர்க்கரேகையை ஜி.பி.எஸ். கருவியில் அப்படியே இட்டால், கன்னிவாடிப் பகுதியில் நூறு மீட்டருக்கும் அதிகமாக இடம் தவறும். 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பொதுமக்களுக்கான தாள்களை டபிள்யூ.ஜி.எஸ். 84 அடிப்படையில் வெளியிட வழிசெய்தது. இந்தியச் சந்தையில் வழிகாட்டிக் கருவிகள் வரத்தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம்.

செயற்கைக்கோள் பக்கம் கதை 1978-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க ராணுவம் முதல் ஜி.பி.எஸ். கோளை ஏவியது. சோவியத் விமானம் 1983-இல் கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியபின், இந்த வசதியைப் பொதுமக்களுக்கும் தருவதாக அமெரிக்கா அறிவித்தது. 24 கோள்களோடு முழு இயக்கம் 1995-இல் அமைந்தது. ஒவ்வொரு கோளும் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில், ஏறக்குறைய 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அது சொல்வது இரண்டே செய்தி: இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன். சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தொலைவைக் கணிக்கிறது. மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் தெரிந்துவிட வேண்டும். ஆனால் கருவிக்குள் இருப்பது மலிவான கடிகாரம் என்பதால், அதன் பிழையைக் கழிக்க நான்காவது கோள் தேவைப்படுகிறது. நேரத்தில் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தொலைவில் 300 மீட்டர் பிசகும்.

அமெரிக்கா 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம்வரை பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்திருந்தது. நூறு மீட்டர் அளவுக்கு இடம் தவறும் கருவியால், ஊரின் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பிழையை நீக்கிய பிறகு துல்லியம் சுமார் பத்து, இருபது மீட்டருக்குள் வந்தது. கார் வழிகாட்டிக் கருவி ஒரு தொழிலாக நின்றதற்கு இந்த ஒரு முடிவுதான் பெருங்காரணம்.

அதற்கு முன்பும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1981-இல் ஹோண்டா நிறுவனம் செயற்கைக்கோளே இல்லாமல், சுழல்மானியை வைத்துக் காரின் திசையைக் கணித்து, ஒளி ஊடுருவும் வரைபடத் தாள்களின்மேல் இடத்தைக் காட்டும் கருவியை விற்றது. 1985-இல் அமெரிக்காவின் இடாக் நிறுவனம் வரைபடத்தைக் கேசட் நாடாவில் கொடுத்தது. 1990-இல் ஜப்பானில் மாஸ்டா காருக்குள் ஜி.பி.எஸ். ஏறியது. ஒரு காரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டும் கருவி என்ற வகையில் கார்மின் ஸ்ட்ரீட்பைலட் 1998-லும், டாம்டாம் கோ 2004-லும், கார்மின் நூவி 2005-லும் வந்தன. இந்தியச் சாலைகளுக்கு வரைபடம் தயாரித்துக் கருவியில் ஏற்றித் தந்தவர்களில் தில்லியின் மேப்மைஇந்தியாவும் ஐதராபாத்தின் சாட்நேவ் டெக்னாலஜீஸும் முக்கியமானவை.

உள்ளங்கை அகலத் தொடுதிரை, சிகரெட் லைட்டர் துளையில் செருகும் 12 வோல்ட் வயர், சில மணி நேரம் தாங்கும் பேட்டரி, வரைபடம் அடங்கிய எஸ்.டி. கார்டு, சிறிய ஒலிபெருக்கி: கருவியின் உடம்பு இவ்வளவுதான். நீண்ட நாள் அணைத்து வைத்திருந்து இயக்கினால் உடனே இடம் காட்டாது. ஒவ்வொரு கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறைதான் திரும்ப அனுப்புகிறது. எல்லாக் கோள்களின் பொது அட்டவணையும் வந்துசேரப் பன்னிரண்டரை நிமிடம் ஆகும். அவசரக்காரர் அதற்குள் வண்டியை எடுத்துவிட்டால் கருவி இன்னும் திணறும். வானம் திறந்த திண்டுக்கல் சமவெளியில் இது பெரிய குறை அல்ல. மலைச்சரிவில் வானத்தின் பாதி மறைந்துவிடும்; அங்கே நான்கு கோள்கள் கண்ணில் படுவதே பாடு.

வழி சொல்லும் முறையில்தான் கருவிக்கும் ஊராருக்கும் வேறுபாடு தெரியும். கன்னிவாடிப் பக்கம் வழி கேட்டால், “பிரிவுல தெக்க திரும்பி நேராப் போங்க, குளத்துக்கு மேக்க” என்பது போலத்தான் பதில் வரும். திசை நிலத்தோடு நிலைத்தது. கேட்பவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் தெற்கு தெற்குதான். கருவியோ “300 மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்” என்று ஓட்டுபவரின் கைகளைக் கொண்டு சொல்கிறது. திரையில் வடக்கை மேலே நிறுத்தும் வசதி பெரும்பாலான கருவிகளில் இருந்தது. ஆனாலும் வண்டி போகும் திசையை மேலே வைத்துப் படத்தைச் சுழற்றுவதே வழக்கமாயிற்று. அறிமுகமில்லாத ஊரில் இது எளிது. ஆனால் அப்படியே பத்து முறை போனவருக்கும் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்பது மனத்தில் பதிவதில்லை.

பெயரைத் தேடுவதில் வந்த சங்கடம் இன்னும் பெரியது, ஏனென்றால் தமிழ்நாட்டில் கன்னிவாடி என்ற பேரூராட்சிகள் இரண்டு. ஒன்று இது. மற்றது வடக்கே, தாராபுரம் வட்டத்தில், மூலனூர்ப் பக்கம் இருக்கிறது. ஊரார் இந்தக் குழப்பத்தைத் திண்டுக்கல் கன்னிவாடி, மூலனூர் கன்னிவாடி என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் தீர்த்துவிடுவார்கள். கருவி மாவட்டப் பெயரைக் கேட்டது. மாவட்டப் பெயர்களோ நிலையாக இல்லை. திண்டுக்கல் மாவட்டம் 1985-இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது, அதன் பின்பும் சில காலம் தலைவர்களின் பெயர்களைத் தாங்கியது. தாராபுரம் வட்டம் 2009-இல் ஈரோடு மாவட்டத்திலிருந்து புதிய திருப்பூர் மாவட்டத்துக்கு மாறியது. அதற்கு முன் தயாரான வரைபடத்தில் இரண்டாவது கன்னிவாடியைத் திருப்பூரின் கீழ்த் தேடினால் கிடைக்காது. போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் ஊருக்கு ஒரு விதம். எத்தனை ‘என்’ போடுவது என்று தெரியாமல் அடித்தால் பழைய கருவி அப்படியோர் ஊரே இல்லை என்றுவிடும்.

சாலை எண்களும் மாறின. 2010-இல் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண் கொடுத்தபோது, திண்டுக்கல் வழியாகச் செல்லும் 7-ஆம் எண் சாலை 44 ஆனது. பழனி, பொள்ளாச்சி, கோவை போகும் 209-ஆம் எண் சாலையின் இந்தப் பகுதி 83 ஆனது. பலகையில் ஒன்றும் குரலில் ஒன்றுமாக இருந்த காலம் அது. கருவியின் வரைபடத்தைப் புதுப்பிக்கலாம்தான். அதற்குக் கணினியோடு இணைக்க வேண்டும், பல சமயம் பணமும் கட்ட வேண்டும். ஆகவே வாங்கிய நாளின் வரைபடத்தோடே பல கருவிகள் ஓடின. நான்குவழிச் சாலை அமைந்து புறவழிகள் திறந்தபின், அத்தகைய கருவியின் கணக்கில் கார் வயலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

பாதையைத் தேர்வதற்கான அடிப்படைக் கணக்கு 1959-இல் டச்சுக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வெளியிட்டது. சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் கொண்டு, மிகக் குறைந்த செலவுள்ள வழியை அது தேடும். செலவு என்பது தொலைவா நேரமா என்பதை ஓட்டுநர் தேர்ந்தெடுக்கலாம். தொலைவைத் தேர்ந்தால் மலைச்சாலைகளில் விபரீதம் நேரும். கன்னிவாடியிலிருந்து தருமத்துப்பட்டி வழியாக ஆடலூர், பன்றிமலைக்கு ஏறும் சாலையைச் சமவெளிச் சாலையோடு ஒரே வகையில் எண்ணிவிட்டால், கொண்டைஊசி வளைவுகளும் எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கி நிற்கும் நேரமும் கணக்கில் வராது. மழைக்குப் பின் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பதை டைக்ஸ்ட்ராவின் கணக்கில் நுழைக்க யாராவது முதலில் அங்கே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

தனிக் கருவியின் காலம் முடிந்தது இந்த இடத்தில்தான். 2009 அக்டோபரில் கூகுள் செல்பேசியில் இலவசமாக வழிகாட்டும் வசதியை அமெரிக்காவில் வெளியிட்டது. சில ஆண்டுகளில் அது இந்தியாவுக்கும் வந்தது. அதற்கு முன்பே, 2008 முதல், பயனர்கள் தாங்களே தெருக்களையும் ஊர்களையும் வரைபடத்தில் சேர்க்கும் மேப் மேக்கர் இந்தியாவில் இயங்கியது. சிற்றூர்ப் பெயர்கள் பலவும் இந்த வழியில்தான் திரைக்கு வந்தன. 2009 டிசம்பரில் கூகுளின் இந்திய வரைபடம், தெருப்பெயருக்குப் பதிலாகக் கோயில், பெட்ரோல் பங்க் போன்ற அடையாளங்களைச் சொல்லி வழிகாட்டத் தொடங்கியது. தேநீர்க்கடைக்காரர் சொல்லும் முறை அது. செல்பேசிக் கோபுரமே எட்டாத மலைப்பாதையில், வரைபடத்தை உள்ளேயே வைத்திருக்கும் பழைய கருவிக்கு இன்னும் ஒரு மேன்மை இருந்தது. செல்பேசியிலும் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைக்க முடிந்தபின் அதுவும் போயிற்று.

வண்டிக்குள் ஜி.பி.எஸ். ஏற்பி இன்றும் இருக்கிறது, வேலைதான் தலைகீழாகிவிட்டது. 2019 ஜனவரி முதல் பதிவாகும் பொதுப் பயணிகள் வண்டிகளில், ஆட்டோக்கள் நீங்கலாக, இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் பொருத்த வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. ஏ.ஐ.எஸ். 140 தரத்தில் செய்யப்படும் இந்தக் கருவிக்குத் திரை கிடையாது. வழி எங்கே என்று ஓட்டுநருக்குச் சொல்வதில்லை. வண்டி எங்கே என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்கிறது. அமெரிக்கக் கோள்களோடு, இஸ்ரோ 2013 முதல் ஏவிவரும் நாவிக் கோள்களின் சிக்னலையும் இந்தத் தரம் கணக்கில் எடுத்திருக்கிறது.