ஸ்லாம் பால் பயிற்சி... குனிந்து எடுக்கும்போது உஷார்!

தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவரா நீங்கள்? எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, கம்பெனி பஸ், அப்புறம் தூக்கம். இதற்கு நடுவே ஜிம்முக்கு தினம் ஒரு மணி நேரம் என்பது எல்லோருக்கும் நடக்கிற காரியமில்லை. பத்து, பதினைந்து நிமிடத்தில் மொத்த உடம்புக்கும் வேலை கொடுக்க ஸ்லாம் பால் நல்ல சாய்ஸ்.

கெட்டியான ரப்பர் தோல், உள்ளே மணல். தலைக்கு மேல் தூக்கி ஓங்கித் தரையில் அடித்தாலும் 'தொப்'பென்று அங்கேயே உட்கார்ந்துவிடும். விஷயமே அதுதான். கடையில் பக்கத்திலேயே இருக்கும் மெடிசின் பாலில் சில வகை நன்றாக எகிறும். அதை வாங்கிவந்து ஓங்கி அடித்தால் நேராக மூக்குக்குத்தான் வரும். அதனால், வாங்கும் முன் இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை கீழே போட்டுப் பாருங்கள்.

முதல் நாளே 15 கிலோவைத் தூக்கி கெத்து காட்ட வேண்டாம். புதிதாக ஆரம்பிக்கும் பெண்களுக்கு 3, 4 கிலோ, ஆண்களுக்கு 5, 6 கிலோ போதும். பத்தாவது அடியிலும் வேகம் குறையாமல் இருந்தால் அதுதான் உங்கள் எடை.

கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நின்று, பந்தைத் தலைக்கு மேல் கொண்டுபோய், வயிற்றை இறுக்கி, பாதங்களுக்குச் சற்று முன்னால் அடியுங்கள். அடிக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும்.

அடிப்பதைவிட எடுப்பதில்தான் ஆபத்து அதிகம். களைப்பில் முழங்காலை மடக்காமல், முதுகை வளைத்துக் குனிந்து எடுப்போம். ஏற்கெனவே லைனில் நின்று களைத்த இடுப்பு அதைத் தாங்காது. பெட்டி தூக்க சேஃப்டி டிரெய்னிங்கில் சொல்லித்தருவார்களே, அதே பாடம்தான்... முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, பந்தை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிறவர்களைக் கவனியுங்கள். குந்தி உட்கார்ந்து, தொடைக்கு, நெஞ்சுக்கு, தோளுக்கு என்று படிப்படியாகத்தான் கல் ஏறும்.

20 விநாடி பயிற்சி, 10 விநாடி ஓய்வு, இப்படி எட்டு சுற்று என்கிற 'டபாட்டா' முறை பிரபலம். ஜப்பானின் இசுமி டபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்வில் இதை உடற்பயிற்சி சைக்கிளில்தான் செய்துபார்த்தார்கள். புதியவர்கள் 20 விநாடி அடித்து 40 விநாடி ஓய்வெடுங்கள். நான்கு சுற்று, வாரம் இரண்டு நாள் போதும்.

நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு வேண்டாம். தூங்கி எழுந்து செய்யுங்கள். டிஸ்க் பிரச்னை, குடலிறக்கம், உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் பந்தைத் தொடக் கூடாது.

மாடி அறையில் தங்கியிருந்தால் மண் தரைக்கு இறங்கிவிடுங்கள். கீழ் வீட்டிலும் யாராவது நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள்!