சான்றிதழா, அனுபவமா?

"சார், சர்டிபிகேட் இல்லேன்னா இன்டர்வியூவுக்கே கூப்பிட மாட்டேங்கறாங்க!" நம் கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் இப்படி அங்கலாய்த்தார். அவருக்கு ஒரு பழைய கதை சொன்னேன்.

1986-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் கணக்கு 75 சென்ட் உதைத்தது. அதைத் துருவியவர் கிளிஃபோர்ட் ஸ்டோல். படித்ததோ வானியல்! மாதக்கணக்கில் விடாமல் கண்காணித்து, ஜெர்மனியிலிருந்து ஊடுருவிய மார்க்கஸ் ஹெஸ் பிடிபட வழிசெய்தார்.

இன்று எல்லோரும் கேட்கும் சி.ஐ.எஸ்.எஸ்.பி. அப்போது பிறக்கவே இல்லை. 1988-ல் மாரிஸ் புழு இணையத்தைக் கலக்கியது. பாதுகாப்புக்கு ஆள் தேவைப்பட்டது. முன்பின் தெரியாதவரை எடைபோட ஒரு பொது அளவுகோலும் வேண்டியிருந்தது. 1989-ல் அதற்கென ஓர் அமைப்பு உருவாகி, 1994-ல் அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், தேர்வில் தேறினால் மட்டும் அது கிடைத்துவிடாது. ஐந்தாண்டு அனுபவமும் கேட்கிறார்கள்!

நானும் ஆள் எடுக்கிறவன்தான். இராத்திரி பகலா சர்வரோடு மல்லுக்கட்டிய ஒருவரை, சான்றிதழ் இல்லையென்று ஒருமுறை திருப்பி அனுப்பினேன். இன்னமும் உறுத்துகிறது.

தம்பி தங்கைகளே, தேர்வு எழுதுங்கள். லேபில் இன்றே வேலையும் பழகுங்கள். சக நண்பர்களே, சான்றிதழ் இல்லாத விண்ணப்பத்தையும் ஒருதரம் முழுசாப் படியுங்கள்.