மஞ்சுக்களின் கோழி–காளான் குழம்பு: ஒரு வரலாற்று நோக்கு

சீனாவின் வடகிழக்கே அமைந்துள்ள லியாவோனிங், ஜிலின், ஹெய்லோங்ஜியாங் ஆகிய மாகாணங்களில், குளிர்காலத்தில் இல்லந்தோறும் சமைக்கப்பெறும் உணவுகளுள் கோழி–காளான் குழம்பு சிறப்பிடம் பெறுவதாகும். மஞ்சு இனத்தாரின் மரபுணவெனப் போற்றப்படும் இதனை ஆராயுமிடத்து, மரபு என்பது யாது என்னும் வினாவும் உடனெழுகின்றது.

இதன் செய்முறை எளியது. உலர்ந்த காளானை இளஞ்சூடான நீரில் ஊறவைத்து, அந்நீரை வடித்து வைப்பர். எலும்புடன் வெட்டிய நாட்டுக்கோழியை இஞ்சி, வெங்காயத்தாள் ஆகியவற்றுடன் வதக்கி, சோயா சோஸ் சேர்த்து, காளானையும் வடித்த நீரையும் ஊற்றி, மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைப்பர். இறுதியில் உருளைக்கிழங்கு மாவினாலான இழைகளை இடுவர்.

இதற்குரிய காளான் ‘ஜென்மோ’ எனப்படும். மரங்களைப் பற்றி வளரும் இது பெரும்பாலும் காடுகளிலிருந்தே சேகரிக்கப்படுகின்றது. இலையுதிர்காலத்திற் பறித்து உலர்த்தப்படுவது, பனி மூடிய மாதங்களுக்கு உணவாகின்றது. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக்கும் இறங்கும் அப்பிரதேசத்தில், அடுப்பின் புகை ‘காங்’ எனப்படும் செங்கற் படுக்கையின் அடியாகச் சென்று அதனைச் சூடாக்கும். ஆதலின் நெடுநேரச் சமையல் உணவையும் உறைவிடத்தின் வெம்மையையும் ஒருங்கே தந்தது.

இக்காட்டு வாழ்வினின்றே மஞ்சுக்கள் எழுச்சியுற்றனர். பயிர்ச்செய்கை, பன்றி வளர்ப்பு, வேட்டை ஆகியவற்றோடு காடுபடு பொருள்களின் வாணிகத்தையும் மேற்கொண்ட யூர்ச்சென் குலத்தாருக்கு, 1635இல் ஹொங் தைஜி ‘மஞ்சு’ என்னும் பெயரைச் சூட்டினார். 1644இல் அவர்கள் பீக்கிங்கைக் கைப்பற்றினர். பின்னர் தம் தாயகத்திற் சீனர் குடியேறுவதைத் தடுக்கச் சிங் அரசு முயன்றது. எனினும் 1860 தொடக்கம் அத்தடை படிப்படியாகத் தளர, ஷாண்டோங், ஹெபெய் மாகாணங்களிலிருந்து இலட்சக்கணக்கான வறிய உழவர் அங்குச் சென்றனர்.

இவ்வரலாறு முழுவதும் குழம்புக் கலத்தினுள் அடங்கியுள்ளது. காளான் காட்டினது, சோயா சோஸ் சீனரின் புளிக்கவைக்கும் கலையின் பேறு, உருளைக்கிழங்கோ அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது. எனவே இன்றைய வடிவில் இக்குழம்பு தொன்றுதொட்டு வருவதாகக் கொள்ளுதல் பொருந்தாது. புதிய மருமகன் வாயிலில் அடிவைத்தால் கோழிக்கு உயிர் போகும் என அங்கு வழங்கும் முதுமொழி, விருந்தில் இதற்குரிய இடத்தைக் காட்டும். அம்மொழியை இன்று மஞ்சுக்களும் சீனரும் ஒருங்கே வழங்குகின்றனர்.

இங்குச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மஞ்சுக்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். ஆயினும் மஞ்சு மொழியைத் தாய்மொழியாகப் பேசுவோர் மிகச் சிலரே. 1912இல் ஆட்சி அகன்றது, மொழியும் அருகியது, உணவு நிலைத்தது. பிறருடையவற்றை ஏற்றமையாலேயே அது நிலைத்தது எனலாம். ஆனால் உணவு ஓர் இனத்தின் பெயரைக் காக்குமேயன்றி, அவ்வினத்தார் தம் முன்னோர் எழுதிவைத்த ஏடுகளைப் படித்தறியும் ஆற்றலைக் காக்காது. பீக்கிங் ஆவணக் காப்பகத்தில் உள்ள எண்ணற்ற மஞ்சு மொழி ஏடுகளை இன்று அறிஞர் சிலரே படிக்க வல்லர். சமையல் மரபின் உயிர்ப்பைக் கண்டு மகிழ்வோர் இவ்விழப்பையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும்.