மன்னார்க் கோட்டை: காவலும் காக்கப்பட்டதும்

போரின் எச்சங்களைப் பாதுகாக்க முற்படுவோர், அவை எதனைக் காக்க எழுந்தன என்னும் வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரிலே, தாழப் பறக்கும் விமானங்களைத் தடுக்கப் பிரித்தானிய நகரங்களின் மேல் உருக்கு வடங்களிற் பிணித்த பலூன்கள் மிதந்தன. அவற்றைக் கட்டிய கொங்கிறீற்றுக் கட்டைகள் சில இன்றும் எஞ்சியுள்ளன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கிய திருகோணமலையிலோ எண்ணெய்த் தாங்கிகளே அப்போரின் சாட்சிகள். காவல் எங்கு நின்றதோ, அங்கு ஆள்வோரின் செல்வம் இருந்தது. மன்னாரில் இவ்வுண்மையைக் கூறும் எச்சம் மேலும் நான்கு நூற்றாண்டு பழைமையானது.

1560இல் போர்த்துக்கேயப் பதிலரசர் கொன்சுதந்தீனோ த பிரகன்சா யாழ்ப்பாண அரசின் மீது படையெடுத்தார். அதனை நிலையாக அடக்க இயலாத நிலையில், மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினார். 1544இல் மதம் மாறிய மன்னார் மக்களைச் சங்கிலி மன்னன் கொல்வித்தமை இப்படையெடுப்பிற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அக்கொலைகள் நிகழ்ந்தமை உண்மை. ஆயின், கோட்டை நின்ற இடம் வேறொரு காரணத்தையும் உணர்த்துகின்றது. தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கும் ஒடுங்கிய கடல்வழி அதன் பார்வையில் இருந்தது; தெற்கே முத்துச் சலாபம் விரிந்தது. அவ்வாண்டிலேயே புன்னைக்காயற் பரவர் மன்னாருக்குக் கொண்டுவரப்பட்டனர். மதிலோடு உழைப்பும் அங்கே நிறுவப்பட்டது.

1658இல் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1696இல் அதனைத் திருத்திக் கட்டினர். மன்னாரை உள்ளடக்கிய யாழ்ப்பாணப் பட்டினத்தில் அவர்கள் ‘ஊழியம்’ என்ற பெயரில் கூலியற்ற உழைப்பைப் பெற்றமை நினைவிற் கொள்ளத்தக்கது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. தேசாதிபதி பிரெடரிக் நோர்த் சலாபத்தைக் கண்காணிக்க அரிப்பில் மாளிகை அமைத்தார். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அக்காலச் சலாப முறையில் மூன்றில் இரு பங்கு அரசுக்குரியது. உயிரைப் பணயம் வைத்து மூழ்கியோர் தரப்புக்கு ஒரு பங்கு. மறு ஆண்டே சலாபம் 20 ஆண்டுக் குத்தகையாக ஒரு கம்பனிக்கு வழங்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே சிப்பிப் பார்கள் வறண்டன.

மதில்கள் எஞ்சின, மூழ்கியோர் மறக்கப்பட்டனர். இம்மறதி கடந்தகாலத்திற்கு மட்டும் உரியதன்று. 2018இல் மன்னார் நகரில், சதொச வளாகத்திலே அகழப்பட்ட புதைகுழியில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. 2019இல் வெளியான கரிமக் காலக்கணிப்பு அவற்றை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவையெனக் கூறியது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் சார்பில் அம்முடிவு கேள்விக்குள்ளாக்கப்பட்டது. எக்காலத்தவராயினும் அவர்கள் பெயரற்றவர்களாயினமைக்கு வரலாறு விடை கூறக் கடமைப்பட்டுள்ளது.

கோட்டையைப் பேணுதல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், கொத்தளங்களின் அளவுகளோடு சலாபக் கணக்கையும் ஊழிய வரலாற்றையும் ஒருங்கே வைத்துக் காட்டும்போதே அக்கல் மன்னார் மக்களின் மரபுச் சொத்தாகும். அன்றேல், வென்றவரின் காவலை நாம் கூலியின்றித் தொடர்ந்தவராவோம்.