இருட்டில் பாடியவர்கள்

டெக்ஸ் வில்லர் கதைகளை லயன் காமிக்ஸில் படித்து வளர்ந்தவர்களுக்கு கௌபாய் என்றால் துப்பாக்கிதான். தோட்டா தீரவே தீராது. மாடு எங்கேடா என்று நாம் யாரும் கேட்டதில்லை. இத்தனைக்கும் அந்தப் பெயரிலேயே ஒரு மாடு இருக்கிறது, ஒரு பையனும் இருக்கிறான். அந்தப் பையன்களில் ஒருவர் எட்வர்ட் சார்லஸ் அபட். 'டெடி ப்ளூ' என்றால்தான் அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும்.

1860-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். குடும்பம் நெப்ராஸ்காவுக்குக் குடிபெயர்ந்தது. நோஞ்சான் பையன். மாடு வாங்க டெக்ஸாஸ் போன அப்பா, திறந்தவெளிக் காற்று பட்டால் உடம்பு தேறும் என்று அவனையும் கூட்டிட்டுப் போனார். மந்தையோடு குதிரையில் திரும்பியபோது வயது பத்துதான். அதற்குப் பிறகு அவனைப் பண்ணை வீட்டில் உட்கார வைக்க யாராலும் முடியவில்லை.

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது டெக்ஸாஸில் நீண்ட கொம்பு மாடுகள் கேட்பாரில்லாமல் பெருகிக் கிடந்தன. வடக்கே இறைச்சிக்கு நல்ல விலை. ஆனால் ரயில் பிடிக்கக் கன்சாஸ்வரை நடத்தித்தான் கொண்டுபோகணும். ஒரு மந்தைக்கு 2,000, 2,500 மாடுகள். ஓட்டிப்போக பத்துப் பன்னிரண்டு பேர். நாளைக்கு 10, 15 மைல் என்று மாதக்கணக்கில் நடை. பலருக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. அவர்களில் விடுதலையான கறுப்பின அடிமைகள் இருந்தார்கள், மெக்சிகர்கள் இருந்தார்கள். தொழிலே மெக்சிக வக்கேரோக்களிடம் கற்றதுதான். 'ரான்ச்' என்கிற சொல்கூட ஸ்பானிய மொழியிலிருந்து வந்தது. சினிமா இவர்களையெல்லாம் வெள்ளையடித்துவிட்டது.

இரவுதான் கஷ்டம். மாடுகள் படுத்த பிறகு இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் மந்தையைச் சுற்றிச் சுற்றிக் குதிரையில் வருவார்கள். இரண்டு மணி நேரம் போனால் அடுத்த ஜோடி. சுற்றும்போது பாடிக்கொண்டே இருப்பார்கள். ரசனைக்காக இல்லை. இருட்டில் திடீரென்று ஒரு குதிரை வந்தால் மாடு மிரளும். குரல் முன்னாடியே கேட்டுக்கொண்டிருந்தால் மிரளாது. மெதுவான பாட்டாக இருக்கணும் என்பதால் தேவாலயப் பாட்டுகள் நிறைய. மெட்டு அதேதான், வார்த்தைகள் போதகர் காதில் விழக்கூடாதவை.

அப்படியும் மிரளும். ஒரு மின்னல் போதும், மொத்த மந்தையும் எழுந்து ஓடும். துரத்திப்போய், முன்னால் ஓடும் மாடுகளைப் பக்கவாட்டில் நெருக்கி வளைத்து, மந்தையை வட்டமாகச் சுழல வைப்பதுதான் ஒரே வழி.

டெடி ப்ளூ பையனாக இருந்த காலத்தில் ஒரு புயல் இரவு. காவலுக்கு நாலு பேர். விடிந்து பார்த்தால் ஒருவனைக் காணோம். தேடிப்போனவர்கள், ப்ரெய்ரி டாக் என்கிற கொறிவிலங்கின் வளைகள் நிறைந்த நிலத்தில் அவனையும் குதிரையையும் கண்டார்கள். வளையில் கால் சிக்கிக் குதிரை விழுந்திருக்கவேண்டும். அடையாளம் தெரிந்தது துப்பாக்கியின் பிடி மட்டும்தான். அவன் கீழே கிடப்பது தெரியாமல், இரவு முழுக்க இவர்களேதான் மந்தையை அவன் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டியிருக்கிறார்கள். செத்ததைவிட இதுதான் மனசை விட்டுப் போகவில்லை என்கிறார்.

அதற்குப் பிறகு ஒரு உத்தரவு வந்தது. மிரண்ட மந்தையோடு ஓடும்போதும் பாடு. குரல் கேட்கிறவரை நீ இருக்கிறாய். நின்றால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நான் பிழைப்புக்கு சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். எங்கள் தொழிலில் இதற்கு 'ஹார்ட்பீட்' என்று பெயர். ஒவ்வொரு இயந்திரமும் சில நொடிகளுக்கு ஒருமுறை "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் அதை ஒதுக்கிவிட்டு வேலையை இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவோம். தேடிப்போக மாட்டோம்.

பண்ணை முதலாளிகளுக்கும் கௌபாய் அப்படித்தான். 1883 வசந்தத்தில் டெக்ஸாஸின் வடமுனைப் பண்ணைகளில் கௌபாய்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆமாம், வேலைநிறுத்தம்! மாதம் 30 டாலர் சொச்சம் வாங்கியவர்கள் 50 டாலர் கேட்டார்கள். வேலை தேடிவந்த வேறு ஆட்களைப் போட்டு முதலாளிகள் வேலையை நடத்தினார்கள். போராட்டம் தோற்றது. இதை வைத்து ஏன் ஒரு படம்கூட நம் கண்ணில் படவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

அதே 1883-இல் டெடி ப்ளூ ஒரு மந்தையோடு மொன்டானா போய்ச் சேர்ந்தார். கிரான்வில் ஸ்டூவர்ட் நடத்திய டிஎச்எஸ் பண்ணையில் வேலை பார்த்தார். 1886-87 பனிக்காலம் வந்தது. பனி உருகி மறுபடி உறைந்து, புல்லின் மேல் கண்ணாடி மூடியதுபோல் ஆனது. மாடுகள் நின்ற இடத்திலேயே செத்தன. தீவனமும் கொட்டகையும் கொடுக்க முடியாத ஒரு மிருகத்தை இனி வளர்ப்பதில்லை என்று ஸ்டூவர்ட் முடிவு செய்தார். வேலியில்லாத மேய்ச்சலின் காலம் பெரும்பாலும் அத்தோடு சரி. முள்கம்பி ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது.

1889-இல் டெடி ப்ளூ, ஸ்டூவர்ட்டின் மகள் மேரியைக் கல்யாணம் செய்தார். மேரியின் அம்மா ஷோஷோனி பழங்குடிப் பெண். வெள்ளைக்கார ஊர் அந்தக் குடும்பத்தை எப்படிப் பார்த்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. அவர் பொருட்படுத்தவில்லை. மொன்டானாவிலேயே சொந்தமாக ஒரு பண்ணை போட்டு உட்கார்ந்தார்.

வயதான பிறகு ஹெலனா ஹன்டிங்டன் ஸ்மித் என்ற பத்திரிகையாளர் அவரிடம் பேசிப்பேசி நினைவுகளை எழுதிக்கொண்டார். அவர் பேச்சைத் திருத்தி இலக்கணமாக்காமல் அப்படியே விட்டது பெரிய காரியம். 'வீ பாயின்டட் தெம் நார்த்' 1939-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்தார், 78 வயதில். எத்தனையோ வருடம் கழித்துச் சொன்னபோதும் அந்தப் புயல் இரவை அவர் தவிர்க்கவில்லை.