சீனி இல்லாத மென்பானம்: பஞ்சகாலச் சுவை போத்தலுக்குள் வந்த வரலாறு

மாத்தளையிலிருந்து ரிவஸ்டன் மலைப்பக்கம் போகும் வீதியில் இருக்கும் சிறு நகரம் இரத்தோட்டை. மிளகு, கராம்பு, சாதிக்காய் விளையும் ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்களில் மாத்தளைப் பக்கத்தவர்களும் உண்டு. இரத்தோட்டைக் கடையிலும் சரி, கிளிநொச்சிக் கடையிலும் சரி, இன்று ஒரு மென்பானப் போத்தலை எடுத்தால் அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை ஆகிய நிறங்களில் ஏதோ ஒன்றில் சிறு வட்டம் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே "சீனி இல்லை" என்று எழுதிய போத்தலும் நிற்கும்.

சீனி வருத்தம் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சின்ன விடயமல்ல. சீனி இல்லாத பானம் எங்கிருந்து வந்தது, அதில் இனிப்பது எது, எப்போது அது உதவும், எப்போது உதவாது என்பதை இக்கட்டுரை சுருக்கமாகச் சொல்கிறது.

சீனி கிடைக்காத காலத்துச் சுவை

செயற்கை இனிப்புகளில் மூத்தது சக்கரின். 1879இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரா ரெம்சனின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த கொன்ஸ்டன்டின் பால்பேர்க், சாப்பிடும்போது தன் கையில் ஒட்டியிருந்த ஏதோ ஒன்று இனிப்பதைக் கவனித்தார். நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் பொருட்களை ஆராய்ந்தபோது ஒட்டிக்கொண்டது அது. சீனியைவிட முந்நூறு மடங்கு அளவில் இனிக்கும். உடம்புக்குச் சக்தி எதையும் கொடுக்காது.

அது சாதாரண மக்களின் சமையலறைக்குள் வந்ததற்குக் காரணம் யுத்தம். முதலாம், இரண்டாம் உலக யுத்தங்களின்போது ஐரோப்பாவில் சீனிக்குப் பங்கீட்டு முறை வந்தது. சீனி கிடைக்காத வீடுகளில் தேநீருக்கும் கோப்பிக்கும் சக்கரின் வில்லை போட்டார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நமக்குப் பனை இருந்தது. அவர்களுக்கு ஆய்வுகூட வில்லை இருந்தது.

வைத்தியசாலைக்காகச் செய்த சோடா

சீனி இல்லாத மென்பானம் முதலில் நோயாளிகளுக்காகவே செய்யப்பட்டது. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் சோடாத் தொழிற்சாலை நடத்தியவர் ஹைமன் கேர்ஷ். ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதர். நாட்பட்ட நோயாளர்களுக்கான யூத வைத்தியசாலை ஒன்றின் நிர்வாகத்திலும் அவர் இருந்தார். அங்கிருந்த நீரிழிவு, இருதய நோயாளர்கள் குடிக்கக்கூடிய ஒரு பானம் வேண்டும் என்று 1952இல் 'நோ-கல்' என்ற பானத்தை வெளியிட்டார். முதலில் வந்த சுவைகளில் இஞ்சியும் ஒன்று.

சக்கரின் நாக்கில் ஓர் உலோகக் கசப்பை விட்டுச்செல்லும். ஆகவே அவர்கள் சைக்கிளமேற் என்ற இன்னொரு இனிப்பைப் பயன்படுத்தினார்கள். இருதய நோயாளருக்கு உப்புச்சத்து கூடாது என்பதால் அதன் சோடியம் வடிவத்தை விட்டுக் கல்சியம் வடிவத்தை எடுத்தார்கள்.

பானம் வைத்தியசாலைக்கு வெளியேயும் விற்கத் தொடங்கியது. வாங்கியவர்களில் பலர் நோயாளர்கள் அல்லர். உடல் மெலிய விரும்பியவர்கள். பெரிய கம்பனிகள் இதைக் கண்டுகொண்டன. 1958இல் 'டயட் ரைட்', 1963இல் கொக்கா கோலாவின் 'டாப்', 1964இல் 'டயட் பெப்சி' என வரிசையாக வந்தன. நோயாளிக்கான பானம் பத்து வருடங்களுக்குள் அழகுக்கான பானமாகிவிட்டது.

தடையும் மாற்றமும்

எலிகளில் செய்த ஆய்வில் சிறுநீர்ப்பைக் கட்டிகள் காணப்பட்டதால் 1969இல் அமெரிக்கா சைக்கிளமேற்றைத் தடைசெய்தது. வேறு பல நாடுகள் அதை இன்றும் அனுமதிக்கின்றன. கம்பனிகள் சக்கரினுக்குத் திரும்பின. 1977இல் சக்கரின் மீதும் இதே சந்தேகம் எழுந்து, அமெரிக்காவில் போத்தல்களில் எச்சரிக்கை வாசகம் போடப்பட்டது. எலியில் கட்டி உண்டாகும் விதம் மனிதருக்குப் பொருந்தாது என்று தெரிந்தபின் 2000இல் அந்த வாசகம் நீக்கப்பட்டது.

இதற்கிடையில் அஸ்பார்டேம் வந்தது. 1965இல் ஜேம்ஸ் ஷ்லாட்டர் என்ற இரசாயனவியலாளர் தற்செயலாகக் கண்டது. 1982இல் வந்த டயட் கோக்கிலும் பின்னர் இந்த இனிப்பு சேர்க்கப்பட்டது. 1976இல் லண்டனில் சுக்ரலோஸ் கண்டுபிடிக்கப்பட்டது. பேராசிரியர் லெஸ்லி ஹஃப்பிடம் வேலை செய்த இந்திய ஆய்வாளர் சசிகாந்த் பட்னிஸ், "சோதித்துப் பார்" என்று ஆங்கிலத்தில் சொன்னதை "சுவைத்துப் பார்" என்று விளங்கிக்கொண்டு நாக்கில் வைத்ததால் தெரியவந்தது என்பது அதன் கதை. 2005இல் கோக் ஸீரோ வந்தது. இப்போது பெரும்பாலான பானங்களில் இரண்டு மூன்று இனிப்புகளைக் கலக்கிறார்கள்.

இலங்கையில் வட்டமும் வரியும்

இலங்கையில் மென்பானம் என்றாலே பலருக்கு யானைச் சின்னம்தான் நினைவுக்கு வரும். 1866இல் கொழும்பில் தொடங்கிய ஐஸ் கம்பனியில் வேரூன்றியது எலிபன்ட் ஹவுஸ். ஜிஞ்சர் பியர், கிறீம் சோடா, நெக்டோ எல்லாம் கலியாண வீட்டிலும் விருந்தாளி வந்த வீட்டிலும் உடைக்கப்படும் போத்தல்கள். அவை சீனியில் செய்த பானங்களாகவே நமக்குப் பழக்கமானவை.

நோய் கூடியதால் நிலை மாறியது. 2005–2006இல் நாடளாவிய ரீதியில் நடந்த ஆய்வில் வயதுவந்தோரில் சுமார் 10 வீதமானவர்களுக்கு நீரிழிவு இருந்தது. அதற்கு முந்திய நிலையில் உள்ளவர்களையும் சேர்த்தால் ஐவரில் ஒருவர்.

2016 ஆகஸ்ட் 1 முதல் மென்பானங்களில் நிற வட்டம் கட்டாயமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 கிராம் வரை மஞ்சள். 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை. 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் என்று வரி விதிக்கப்பட்டது. 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராம் சீனி இருந்தால் வரி மட்டும் 22 ரூபா. அடுத்த வருடக் கடைசியில் இந்த வரி குறைக்கப்பட்டது.

அந்த 44 கிராம் என்பது பதினொரு தேக்கரண்டி சீனி. சேர்க்கப்படும் சீனி ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது வளர்ந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரே போத்தல் நாளின் கணக்கை முடித்துவிடும்.

சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு இறங்குவதற்கு ஒரு வழி, சீனியைக் குறைத்து அந்த இடத்தைச் செயற்கை இனிப்பால் நிரப்புவது. நிற வட்டம் சீனியை மட்டுமே சொல்லும். வேறு இனிப்பு இருக்கிறதா என்று அறிய உட்பொருள் பட்டியலைப் பார்க்க வேண்டும். பெயருக்குப் பதிலாக இலக்கமும் இருக்கலாம்: 950 அசெசல்பேம், 951 அஸ்பார்டேம், 952 சைக்கிளமேற், 954 சக்கரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசி.

குடிக்கலாமா?

2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அஸ்பார்டேமை "புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்" என்ற பட்டியலில் சேர்த்தது. அதே நாளில், ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய எல்லையில் மாற்றம் இல்லை என்று நிபுணர் குழு அறிவித்தது. 70 கிலோ எடையுள்ளவர் அந்த எல்லையைத் தாண்ட ஒரு நாளில் ஒன்பது கான்களுக்கு மேல் குடிக்க வேண்டும். பீனைல்கீற்றோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்டேமை முற்றாகத் தவிர்க்க வேண்டும்.

அதே வருடம் மே மாதம், உடல் எடையைக் குறைப்பதற்காகச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்றும் அந்நிறுவனம் சொன்னது. ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பதையும் அதிலேயே குறிப்பிட்டது. நீரிழிவு உள்ளவர் சீனிச் சோடாவுக்குப் பதிலாக எப்போதாவது இதைக் குடிப்பதில் நன்மை உண்டு. ஆனால் இது மருந்தல்ல. பல்லின் எனாமலை அரிக்கும் அமிலம் இதிலும் இருக்கிறது.

சீனி இல்லாத போத்தல் உதவாத நேரம்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. இன்சுலின் போடுபவர்களுக்கும் சிலவகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கும் சாப்பாடு தவறினால் இரத்தத்தில் சீனி திடீரென இறங்கும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம், பேச்சுக் குழறல் வரும். அந்த நேரத்தில் சீனி இல்லாத பானத்தைக் கொடுத்தால் எந்தப் பயனும் இல்லை. நாக்குக்கு இனிக்கும், இரத்தத்துக்குப் போகாது.

15 முதல் 20 கிராம் வரை உண்மையான சீனி வேண்டும். நான்கைந்து தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது நிச்சயமான வழி. சிவப்பு வட்டப் பானம் என்றால் சுமார் 150 மில்லிலீற்றர் போதும். கால் மணி நேரத்தில் தெளிவு வராவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது; உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பிரித்தானியாவில் இருக்கும் உறவுகளுக்கும் இது பொருந்தும். அங்கே 2018 ஏப்ரலில் சீனிப் பான வரி வரவிருந்ததால், 2017இலேயே லூக்கோசேட் தன் சீனியைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தது. பல வருடமாக அதையே அவசரத்துக்கு வைத்திருந்த நீரிழிவு நோயாளர்கள், இனி கூடுதலாகக் குடிக்க வேண்டும் என்று எச்சரிக்கப்பட்டார்கள். போத்தலின் பெயர் மாறவில்லை, உள்ளே இருந்தது மாறிவிட்டது.

ஆகவே கடையில் வட்டத்தின் நிறத்தைப் பாருங்கள். உட்பொருளையும் வாசியுங்கள். அம்மா அப்பாவுக்கு வாசிக்கச் சிரமமென்றால் பிள்ளைகள் வாசித்துச் சொல்லுங்கள். தாகத்துக்குத் தண்ணீரும், இஞ்சி தட்டிப்போட்ட சீனியில்லாத் தேநீரும் போதும். அவசரத்துக்கென்று வீட்டில் ஒரு சிறு பொட்டலம் சீனியை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருங்கள்.